பவுடர் டப்பாவில் இருந்த துணி

கார்த்தி,

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நீ முதலில் கடைசித் தாளைத்தான் திருப்பிப் பார்த்திருப்பாய். எனக்குத் தெரியும். நான் எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு 'ஏமாந்தியா' வரும் என்பது உனக்குப் பால் மறந்த நாளிலிருந்து பழக்கம். உன் அப்பாவின் காபியில் உப்புப் போட்டவள் நான். உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று போட்டு ஒரே ஒரு பிரதி தனியாக அச்சடித்து உன்னிடம் நீட்டியவளும் நான்தான். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று போன் செய்து, உன்னைக் காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை பைக்கில் பறக்கவைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து உப்புத் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாய். கண்ணாடிக்குள்ளே உன் கண் சிவந்திருந்தது. "ஒருநா நெசமாவே ஏதாச்சும் ஆகும். அன்னைக்கு நான் வரமாட்டேம்மா" என்றாய். அந்த ஒருநாள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என் குரலைக் கேட்டாலே நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கத் தயாராகிவிடுகிறீர்கள். எழுத்துக்காவது குரல் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை சரண்யா என்னைக் கூப்பிட்டாள். நாலாவது மாதம் அல்லவா, வாந்தி நின்றதா, சோறு இறங்குகிறதா என்று கேட்டேன். தாளிக்கிற வாசனை ஆகவில்லை, மல்லிகைப்பூவைக் கண்டாலே குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் போல, "ஆனா அத்தை, ஷெட்டுல இவுக ஸ்ப்ரே அடிக்கும்போது வருமே ஒரு வாசம், அது மட்டும் அம்புட்டுப் புடிச்சிருக்கு. கதவைத் தெறந்தே வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். அங்குட்டுப் போகாதே, அது நஞ்சு என்றேன். அவள் சிரித்தாள். நீ போனை வாங்கினாய். "என்னம்மா, இன்னைக்கு டூப்பு இதுதானா? மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் குடுக்கலைன்னா பிள்ளைக்குக் காது ஒழுகும்னு நீங்கதான சொன்னீக?" என்று கேட்டாய். ஆமாம், நான்தான் சொன்னேன். சரண்யா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே சொன்னேன். அந்தப் பேச்சுதான் இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் என்னையும் பிடித்தது. அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை தாள்.

நான் காரைக்குடிக்கு வாழ வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பெண்ணை அழைத்து வந்தார்களா, வால் இல்லாத ஒன்றைப் பிடித்து வந்தார்களா என்று தெருவே கேட்டது. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். நீ இப்போது இருக்கும் அதே வீடு, அதே சுவர். பெரிய வீடுகளிலிருந்து கழற்றி வந்த நிலைகளையும் கதவுகளையும் உன் அப்பா அங்கே சாய்த்துவைத்து, பழைய பெயின்டை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் அடித்து, அதன்மேல் பளபளப்புக்கு லாக்கர் அடிப்பார். லாக்கரைக் கரைக்கத் தின்னர். மற்ற வீட்டு மருமகள்களுக்கு லாக்கரில் நகை, எனக்கு லாக்கரில் புகை என்பேன். அவர் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். தின்னர் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. தின்றுவிடும் என்று தமிழில் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள், நான்தான் அதை இங்கிலீஷ் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. இந்த ஜோக்கை இப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சிரிப்பு வருவதில்லை.

நீ வயிற்றில் இருந்த மூன்றாம் மாதம், சோறு கொதிக்கும் வாசனை வந்தாலே கொல்லைக்கு ஓடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்ப்ரே அடிக்கிற கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் மட்டும் வயிறு அடங்கும். அந்த வாசனை இனிப்பாக இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், தலைக்குள்ளே யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருக்கும். சிலருக்குச் சாம்பல் மேல் ஆசை வரும், சிலருக்குச் செங்கல் பொடி. எனக்கு இது. பட்டறை ஜன்னலோரம் நான் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை உன் அப்பா ஒரு வாரம் பார்த்தார். வேலை இல்லாத நாளில் நான் வாடிக் கிடப்பதையும் பார்த்தார். ஒருநாள் காலையில், பஞ்சு வைத்து ஒற்றிக்கொள்ளும் வட்டமான பவுடர் டப்பா ஒன்று காலியாகிக் கிடந்ததைக் கழுவித் துடைத்து, தின்னரில் நனைத்த துணியை அதற்குள் மடித்து வைத்து, மூடி, என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்தா. காது ஒழுகுற பிள்ளை நமக்கு வேணாம்" என்றார். கல்யாணமாகி அதுவரை ஒரு முழம் பூ வாங்கித் தந்தவர் இல்லை அவர். அவர் எனக்காக யோசித்துக் கொடுத்த முதல் பொருள் அதுதான். ஊரில் எல்லோரும் பவுடரை முகத்துக்குப் போட்டார்கள், நான் மூக்குக்குப் போட்டேன். துணி காய்ந்துவிட்டால் தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே நனைத்து வைத்துவிடுவார். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு என்னைச் சிங்கம்புணரிக்கு அழைத்து வந்தபோதுதான் அந்த டப்பா என்னைவிட்டுப் பிரிந்தது. பஸ்ஸில் அதற்காக நான் அழுதேன். அம்மா வீட்டுக்குப் போகிற பெண் புருசனை நினைத்து அழுகிறாள் என்று பக்கத்துச் சீட்டுக்காரி என் முதுகைத் தடவினாள்.

அந்த மாதங்களில் என்னோடு இன்னொரு சினைக்காரியும் இருந்தாள். வெள்ளச்சி என்று ஒரு வெள்ளாடு. நீ அவளைப் பார்த்திருக்கிறாய், உனக்கு நினைவிருக்காது. பட்டறைக்குப் பின்சுவரில் உன் அப்பா அந்த வருடம்தான் புகையை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதற்கு நேர் கீழேதான் நல்ல நிழல். வெயிலில் நிற்கிறாளே என்று பாவப்பட்டு நான்தான் அவளை அங்கே மாற்றிக் கட்டினேன். உள்ளே நான், வெளியே அவள், நடுவில் சுவர். ஒரே காற்றை இரண்டு பேரும் குடித்தோம். எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது அவள் ஒரு கிடாய்க்குட்டி போட்டாள். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. பார்க்க அழகு, கால் நான்கும் சரி, சத்தம் சரி. ஆனால் அதற்கு மடியைத் தேடத் தெரியவில்லை. தாயின் முன்னங்காலை முட்டும், சுவரை முட்டும், என் சேலையைச் சப்பும். வெள்ளச்சியின் முந்திய குட்டிகள் பிறந்த அன்றைக்கே மடியைக் கண்டுபிடித்தவை. இதற்கு நான்தான் ஐந்தாறு நாள் வாயைப் பிடித்துக் காம்பில் வைத்துப் பழக்கினேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குத் திரும்பியபோது குட்டி வளர்ந்து தெரு ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நம் தெரு ஆடுகளை யாரும் ஓட்டி வரவேண்டாம், பொழுது சாயும்போது அதது தன் வாசலில் திரும்பிவிடும். இது மட்டும் நம் வாசலைத் தாண்டிப் போகும். நாலு வீடு தள்ளி, சொந்தக்காரர்கள் எங்கோ வெளிநாட்டில் இருக்க வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக் கதவு முன்னால் போய் நிற்கும். கத்தாது. கதவைப் பார்த்தபடி நிற்கும், உள்ளேயிருந்து யாரோ வரப்போவது போல. தாய் நம் வாசலிலிருந்து கூப்பிடும். காதைத் திருப்பும், கால் திரும்பாது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நான் அதன் காதைப் பிடித்து இழுத்து வருவேன். அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறதே என்று 'விருந்தாளி' என்று பேர் வைத்தேன். தெருவே அப்படிக் கூப்பிட்டது. ஒருநாள் அது எந்தக் கதவு முன்னாலும் இல்லை. பஸ் போகும் ரோடு வரை தேடினோம். விருந்து சாப்பிடப் போய்விட்டான் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

விருந்தாளி என்று உன்னை நான் ஏன் கூப்பிடுகிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் மாமன்மார் கேட்டார்கள், என் பிறந்த வீட்டுக்கு எப்போதாவது வருகிற பிள்ளை என்பதால் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். நிஜத்தை இப்போது சொல்கிறேன். நீ மூன்று வயது முடிந்துதான் பேசினாய். ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார்கள், விட்டுவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளிக்கூடம் தெருவின் கோடியில். நேரே வந்தால் வீடு. வாரத்தில் இரண்டு நாளாவது நீ நம் வாசலைத் தாண்டிப் போனாய். பையை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தப் பூட்டிய வீட்டுக் கதவு முன்னால் நின்றாய். முதல்முறை உன்னை அங்கே பார்த்தபோது என் நாக்கில் அந்தப் பெயர் தானாக வந்தது. வந்ததும் எனக்கு உடம்பு ஒரு நொடி நடுங்கியது. நடுக்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சிரிப்பு. சிரித்துவிட்டேன். பேர் நிலைத்துவிட்டது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஒருநாள் நீ எவ்வளவு நேரம்தான் அங்கே நிற்பாய் என்று பார்க்க, எதிர்வீட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ பையைக் கழற்றி வைத்தாய். கதவைத் தட்டினாய், பலமாக அல்ல, விரல் மடக்கி, பெரியவர்கள் தட்டுவது போல. "அம்மா, நாந்தேன்" என்றாய். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினாய். நிழல் கதவின் பாதி வரைக்கும் ஏறியது. நீ உட்கார்ந்தாய், எழுந்தாய், தட்டினாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். உன் தோள் குலுங்கத் தொடங்கிய பிறகுதான் தூணுக்குப் பின்னாலிருந்து குதித்து வந்து "ஏமாந்தியா" என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். நான் அந்த வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததாக நினைத்துக்கொண்டாய் என்பது, நீ என் தோளுக்கு மேலே கதவைப் பார்த்து, "ஏம்மா இம்புட்டு நேரம் தெறக்கல?" என்று கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாம் வாய்ப்பாட்டில் நீ தடுமாறியதற்கு அடிக்கோலால் உன் முட்டியில் அடித்திருக்கிறேன். காலையில் சொன்னதை மதியம் மறந்ததற்குக் கிள்ளியிருக்கிறேன். அந்தக் காயங்களெல்லாம் ஆறியிருக்கும். அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை.

நீ மக்கு என்று சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை, தம்பி. நீ அளவுகளை இன்றைக்கும் மணிக்கட்டில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்கிறாய், வாடிக்கையாளர் வீட்டுக்கு வழியைப் படம் போட்டு வாங்கிக்கொள்கிறாய். ஆனால் நூறு வருடத் தேக்கின் நிறத்தைப் புதுக்கட்டையில் கொண்டுவர உன்னைப் போல ஆள் இந்த வட்டாரத்தில் இல்லை என்று உன் அப்பாவே சொல்கிறார், அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே எனக்கு வேண்டும். ஆனால் நீ அந்தக் கதவு முன்னால் நின்ற நாட்களில் உன்னைக் கேலி செய்யாத ஒரு அம்மா உனக்கு வேண்டியிருந்தாள். அவள் உனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் வரைக்கும், அந்தப் பேரைத் தவிர, ஆட்டையும் உன்னையும் நான் ஒன்றாக வைத்து யோசித்ததே இல்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் சிரித்தேனோ என்னவோ. இங்கே வளர்க்கிற ஆட்டுக்கு ஊசி போடக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா சின்னப் பெண், சரண்யா வயதுதான் இருக்கும். ஊசிக்கு வரிசையில் நின்றபோது பொழுதுபோக்காக விருந்தாளிக் குட்டியின் கதையை எடுத்துவிட்டேன். ஆடு பிடித்து நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சினையாக இருந்தபோது ஆட்டை எங்கே கட்டியிருந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைத் தனியாக உட்காரச் சொன்னாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பெயின்ட், தின்னர் மாதிரிச் சாமான்களிலிருந்து வரும் ஆவியைச் சினை எலிகளுக்கு மூச்சு வழியாகக் கொடுத்துப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்களாம். அந்த எலிகளைக் கூண்டில் வைத்து, நாளுக்கு இத்தனை நேரம், இத்தனை நாள் என்று அந்தக் காற்றைச் சுவாசிக்கவிட்டு, பிறகு குட்டிகளைக் கவனிப்பார்களாம். அளவு அதிகமாகப் போன எலிகளின் குட்டிகள் சிலது எடை குறைவாகப் பிறக்கும், சிலது பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். ஆனால் ஒரு வழியைக் கற்றுக்கொள்ளச் சொன்னால், கற்றதை நினைவில் வைக்கச் சொன்னால், தடுமாறும். தாய் மூச்சில் இழுத்தது ரத்தத்தில் கலந்து, உள்ளே மூளை உருவாகிக்கொண்டிருக்கிற குட்டிக்கும் போய்விடுகிறது என்றாள். "உங்க ஆட்டுக்குட்டிக்கு இதுதான் காரணம்னு நான் சொல்லமாட்டேம்மா. ஒரு குட்டிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றும் சொன்னாள். மனுசருக்கு எப்படி என்று கேட்டேன். எலிக்கு ஆனதெல்லாம் மனுசருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் சந்தேகம் இருக்கும்போது கர்ப்பிணிகளை அந்தக் காற்றுக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்றாள். பிறகு லேசாகச் சிரித்து, "சோதிச்சுப் பார்க்கிறதுக்கு மனுசியக் கூண்டுல அடைக்க முடியாதுல்லம்மா?" என்றாள்.

அடைக்க வேண்டியதில்லை, கார்த்தி. நான் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, நானே மூக்கை உள்ளே விட்டேன். ஆட்டையாவது கயிற்றில் கட்டியிருந்தேன். என்னை ஆசையாகக் கட்டிப்போட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வாசனை வருகிறது. இங்கே பட்டறை இல்லை, தின்னர் இல்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது வருகிறது, துணி மடிக்கும்போது வருகிறது. கையை முகர்ந்து பார்க்கிறேன், சோப்பு வாசனைதான். உனக்கு நேர்ந்ததற்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. ஆம் என்று யாராவது சொன்னால் அழுது முடிக்கலாம், இல்லை என்றால் பழையபடி சிரிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன், பூட்டிய கதவு முன்னால் நிற்கிற மாதிரி.

பட்டறையை உன் கையில் விட்டு என்னோடு இங்கே வந்துவிட்ட உன் அப்பா, இதை எழுதும்போது பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கை நடுக்கத்தில் பேப்பர் படபடவென்று அடிக்கிறது. அவருக்கு இந்தக் கடிதம் தெரியாது. தெரியவும் கூடாது. அந்த டப்பா கதையை அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார், எத்தனை மாதம் விடாமல் நனைத்து வைத்தேன் தெரியுமா என்று, தான் நல்ல புருசனாக இருந்ததற்குச் சாட்சி மாதிரி. அவர் நல்ல புருசன்தான். நாங்கள் அன்பாகத்தான் செய்தோம், நீ சரண்யாவுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாயே, அந்த மாதிரி. என்னைப் பயமுறுத்துவது அதுதான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

உன்னிடம் கேட்பது இதுதான். வளைகாப்பை ஏழாம் மாதம் வரை தள்ளிப்போடாதே. ஐந்தாம் மாதமும் ஒற்றைப்படை மாதம்தான், ஐந்தில் வளையல் போட்டு அனுப்புகிற வீடுகள் நம்மிடையே உண்டு. வருகிற மாதத்தின் முதல் வாரமே வைத்துவிடலாம், திருப்பத்தூரில் சரண்யாவின் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று அவர்கள் கேட்டால் மாமியார் ஒரு கிறுக்கு என்று சொல்லிக்கொள், நம்புவார்கள். அதுவரைக்கும்கூட அவள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம், இங்கே என்னோடு இருக்கட்டும். நீ வேலையை விட வேண்டும் என்று கேட்கவில்லை. ஸ்ப்ரே அடிக்கிறதை மட்டும் வீட்டைவிட்டுத் தள்ளி, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை பார்த்து மாற்று. நீயும் வெறும் மூக்கோடு நிற்காதே, முகத்தில் துண்டைக் கட்டினால் போதும் என்று அப்பா சொல்வார், அது போதாது, அதற்கென்று இருக்கிற முகமூடியை விசாரித்து வாங்கு. சரண்யாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாலும் சரி. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அவளைத் திட்டாதே. அந்த வாசனை எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இந்த உலகத்தில் எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அவளுக்கு நாலு சேலை எடுத்து வைக்கச் சொல், போதும். நீ ஷெட்டில் கம்ப்ரசரை ஓடவிட்டுக்கொண்டு நான் வந்தது காதில் விழாமல் இருப்பாய். நான் தட்டுவேன். அன்றைக்கு நீ தட்டிக்கொண்டு நின்றாய், நான் தூணுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வெளியே நிற்பது நான், கதவு உன் கையில் இருக்கிறது. சிரிக்காமல் திற.

அம்மா